அனுப்புவதற்கான காரணம்

பீல் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
தொலைபேசி அட்டையும் முருங்கைக்காயும் விற்கும் கடையில்
கடைசி மூலை, என் கண்ணாடிக் கூண்டு.
பதினெட்டு வருசமாக
ஒரு நாட்டின் வரவுசெலவை
ஒரேயொரு கட்டத்துக்குள் எழுதுகிறேன்:
அனுப்புவதற்கான காரணம்.

பொருளியல் படித்தவனில்லை நான்.
ஆனால் எல்லாரும் சுவர் என்று சொன்ன வருசம் தெரியும்,
கூரை என்று சொன்ன வருசம் தெரியும்.
பிறகு ஒரு மாரி முழுக்க
குளியலறை மாபிள், குளியலறை மாபிள்.
றோட்டுகள் கறுத்துப் பளபளப்பதைக்
கைபேசியில் படமாகக் காட்டினார்கள்.
றோட்டில் ஓட லீசிங்கில் மோட்டார் சைக்கிள்,
லீசிங் கட்ட நுண்கடன்,
நுண்கடன் கட்ட
என் கூண்டின் முன்னால் ஓர் அக்கா.
"புதன்கிழமை வாசலுக்கு வந்திடுவாங்கள்,
செவ்வாய்க்குள்ள போகுமோ?"
போகும்.

அந்த ஒரு வருசம்தான்
கட்டம் போதவில்லை.
பால்மா. காஸ். இன்சுலின்.
யூரியா காணாமல் மஞ்சளாகிய வயலுக்கு
எந்தச் சொல்லைப் போடுவது?
ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவும் குணநாயகம்
"பசி எண்டு எழுதுவமே?" என்றார்.
கணினி ஏற்காது என்றேன்.
பட்டியலைத் தட்டித் தட்டிப் பார்த்து
குடும்பச் செலவு என்று போட்டோம்.
ஒரு நாடு முறிந்ததற்கு
அந்தப் பட்டியலில் இருந்த பெயர் அதுதான்.

ரூபாய் விழ விழ
நூறு பிராங்குக்கு அங்கே கூடக் கிடைத்தது.
வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு
சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போது மீட்சி என்கிறது கடைத் தொலைக்காட்சி.
வளர்ச்சி இத்தனை வீதம், புள்ளி இத்தனை.
புள்ளிக்குப் பின்னால் நிற்கும் இலக்கம்
யாருடைய சட்டியில் வேகிறது என்று
அது சொல்வதில்லை.

இந்தக் கார்த்திகையில்
ஏரியை மூடுபனி தின்றுவிட்ட ஒரு திங்கள்
தர்மினி வந்தாள்.
கடிகாரத் தொழிற்சாலையில் முள் பொருத்துகிறவள்.
வழமையாக ஐந்தாம் திகதி, இருநூறு பிராங், தம்பிக்கு.
அன்று இருபத்தாறு.
கையில் காசில்லை. துண்டுக் கடதாசியில் ஓர் எண்.
"எடுக்க வேணும், அண்ணை."
அனுப்பவோ?
"இல்லை. எடுக்க."

அந்தப் பொத்தான் திரையில் எங்கே இருக்கிறதென்று
எனக்கு உடனே பிடிபடவில்லை.

வவுனியாவில் யசோதரன்
வெயிற்பெட்டிகளில் மிளகாய் காயவைக்கிறானாம்.
ஆறு பெண்கள் வேலைக்கு.
டுபாய்க்குப் போன முதற்பொதி
துறைமுகத்தில் பதினொரு நாள் நின்றதாம்,
இரண்டு பேருக்குச் சம்பளம் இன்னும் பாக்கியாம்.
இங்கே இவளை அரைநேரமாக்கிவிட்டார்கள்,
வாடகை முட்டவில்லை.
அவள் சொல்லவில்லை, யாரோ சொல்லிவிட்டார்கள்.
வெளிநாட்டுக்கு அனுப்பவென்று
வங்கியில் மூன்று நாள் கடிதங்களோடு நின்றானாம் பெடியன்.

முந்நூற்றிருபது பிராங்.
காரணம்: குடும்பச் செலவு.

இரண்டு தரம் எண்ணினாள்.
"இதில நூறை அவனுக்கே திருப்பிப் போடுவமா?"
கட்டணமே ஒன்பது போகும் என்றேன்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.
ஆறு பெண்களில் அந்த இரண்டு பேரின் பெயர் கேட்டேன்.
அவளுக்குத் தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்ற மனிதர்
ஈரக் குடையைச் சுவரில் சாத்தினார்.
அண்ணன் மகனுக்கு இருபது வயது,
ஏஜென்சிக்காரன் முதல் தவணை கேட்கிறான்,
தாய் நகையை ஏற்கெனவே வைத்தாயிற்று.
"கல்வி எண்டு போடுங்கோ."
போட்டேன்.

அச்சுப்பெட்டி
இரண்டு ரசீதையும் கிழிபடாமல் ஒரே நீளமாகத் தள்ளியது.
வந்த காசும் வரப்போகிற பெடியனும்
சூடாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
அடிமட்டம் வைத்துக் கவனமாகப்
பிரித்துக் கொடுத்தேன்.